பிரஸ்ஸல்ஸ் ஐரோப்பிய வரலாற்று இல்லம்: காசில்லை, ஆனால் ஒரு குறை

பிரஸ்ஸல்ஸ் போனால் லியோபோல்ட் பூங்காவில் இருக்கும் இந்த அருங்காட்சியகத்தை விடாதீர்கள், நுழைவு இலவசம். முன்பு குழந்தைகள் பல் மருத்துவமனையாக இருந்த கட்டடம், 2017இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். விளக்கம் எல்லாம் கையில் தரும் டேப்லெட்டில்தான், ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சிமொழிகளிலும். எந்த நாட்டுக்காரர் மனமும் கோணக்கூடாது என்ற அக்கறை புரிகிறது, ஆனால் எல்லோரும் பொருளை விட்டுவிட்டுத் திரையையே பார்த்தபடி நடக்கிறார்கள்.

குறை என்னவென்றால், ஒன்றியம் வளர்ந்த கதையைச் சொல்பவர்கள் வளர்வதை விரும்பாத மக்களைப் பற்றி இன்னும் பேசியிருக்கலாம். 2004இல் ஒரே நாளில் பத்து நாடுகள் சேர்ந்தன, சரி. மறு வருடமே பிரான்ஸும் நெதர்லாந்தும் வாக்கெடுப்பில் ஒன்றிய அரசியல் சாசனத்தை நிராகரித்தனவே? தன்னை வெறும் பிரெஞ்சுக்காரராக மட்டும் நினைப்பவரைவிட, கூடவே ஐரோப்பியர் என்றும் நினைப்பவர்தான் புது நாடுகளை அதிகம் வரவேற்கிறார் என்று ஆய்வுகள் சொல்கின்றன. துருக்கி 1999 முதல் ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடு, வடக்கு மாசிடோனியா சேர்வதற்காக 2019இல் பெயரையே மாற்றிக்கொண்டது, இரண்டும் இன்னும் வாசலில்தான். இதற்கு ஒரு அறையே ஒதுக்கலாம்.

அப்புறம், திங்கட்கிழமை காலையில் போய் நிற்காதீர்கள், மதியம் 1 மணிக்குத்தான் திறப்பார்கள்.