பன்னிரண்டு மணி நேரப் படம், ஒன்பது டிஸ்க்

இந்த ஆண்டு சீனப் புத்தாண்டு விடுமுறை இரண்டு நாளையும் சிங்கப்பூரில் எங்கள் ஈசூன் வீட்டு வரவேற்பறையிலேயே கழித்தோம். கீழே காப்பிக்கடையில் பாதிக் கடை மூடியிருந்தது, பேருந்து நிறுத்தத்தில் ஆளே இல்லை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று படங்களையும் நீட்டித்த பதிப்பில் (தியேட்டரில் காட்டாத காட்சிகளையும் சேர்த்தது), முதல் நாள் ஒன்றரைப் படம், மறுநாள் ஒன்றரைப் படம் என்று பார்த்து முடித்தோம். புதிதாக வாங்கிய 4கே (சாதாரண புளூ-ரேயைவிடத் தெளிவான படம்) டிஸ்க் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பெட்டியைப் பற்றி மட்டும் எழுத முடியாது, ஏனென்றால் இந்தப் படங்களுக்கு மூலமான டோல்கீனின் புத்தகத்தை நேசிக்கிறவர்களுக்காகவே இப்படி ஒரு பதிப்பு இருக்கிறது.

பார்த்தவர்கள் ஐந்து பேர். நான், என் கணவர், பதினான்கு வயது மகள், என் தம்பி, அப்புறம் மாமா. புத்தகத்தை முழுதாகப் படித்தவர்கள் நானும் தம்பியும். மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய புத்தகம் ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகத்தையும் எத்தனை முறை படித்திருப்பார் என்று அவருக்கே கணக்கு இல்லை. 2023இல் அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: “கடைசி வரைக்கும் மணிமேகலையக் காட்டவே இல்லையேம்மா?” வீட்டுக்கு வந்து சேரும் வரை அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார். அவரைக் கூப்பிட்டதற்கு அதுதான் காரணம். நான் எதற்காக இந்தப் படங்களோடு இருபது வருடமாகச் சண்டை போடுகிறேன் என்று அவருக்குப் புரியும்.

முதலில் பெட்டி. 2020 கடைசியில் வந்த பதிப்பு இது. தியேட்டரில் ஓடிய வடிவம் படத்துக்கு ஒரு டிஸ்க், நீட்டித்த வடிவம் படத்துக்கு இரண்டு டிஸ்க், ஆக மொத்தம் ஒன்பது. தியேட்டரில் 178, 179, 201 நிமிடம் ஓடிய படங்கள் இதில் 228, 235, 263 நிமிடம் ஓடுகின்றன. சாதாரண புளூ-ரே பிளேயரில் இந்த டிஸ்க் ஓடாது, 4கே பிளேயர் வேண்டும். எங்களிடம் அது இல்லாததால் தம்பி தன் பிளேஸ்டேஷன் 5ஐத் தூக்கிக்கொண்டு வந்தான் (டிஸ்க் போடுகிற மாடல்தான் உதவும்). 4கே டிஸ்க்குக்கு வட்டாரப் பூட்டு கிடையாது, எந்த ஊரில் வாங்கினாலும் இங்கே ஓடும். சாதாரண புளூ-ரேயை இங்கிலாந்திலிருந்து வரவழைப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும், அது பி வட்டாரம், நம்முடையது ஏ. தமிழ் சப்டைட்டில் இல்லை. மாமா ஆங்கில சப்டைட்டிலை வைத்துப் பார்த்தார்.

என்னிடம் ஏற்கெனவே 2011இல் வந்த நீட்டித்த பதிப்பின் புளூ-ரே இருக்கிறது. அப்படியிருக்க நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து இன்னொரு முறை ஏன் வாங்க வேண்டும் என்று கணவர் கேட்டது நியாயமான கேள்விதான். பழைய டிஸ்க்கையும் புதிய டிஸ்க்கையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே காட்சியைக் காட்டினேன். கராத்ராஸ் மலை ஏறும்போது, பார்ப்பவரை ஆசையில் தள்ளும் தீய மோதிரத்தை அழிக்கக் கொண்டு போகும் ஃப்ரோடோ சரிந்து உருண்டு விழுவான். கழுத்துச் சங்கிலி கழன்று மோதிரம் பனிமேல் கிடக்கும். உடன் வரும் வீரன் போரோமிர் குனிந்து சங்கிலியைப் பிடித்துத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்ப்பான். பழைய டிஸ்க்கில் அந்தப் பனி பச்சை. முதல் படம் முழுக்கவே பாசித் தண்ணீருக்குள் இருந்து பார்ப்பது போல ஒரு சாயம். அந்த டிஸ்க் வந்த நாளிலிருந்தே உலகம் முழுக்க ரசிகர்கள் அதற்காகக் கொதித்துப் போயிருந்தார்கள். புதிய டிஸ்க்கில் பனி பனியாக இருக்கிறது. வெள்ளை வெளேரென்ற பனியில் அந்தத் தங்கம் மட்டும் மின்னும்போதுதான் போரோமிரின் கை ஏன் தயங்குகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. கணவர் அதற்கப்புறம் விலையைப் பற்றிப் பேசவில்லை.

படத்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் பிலிமின் மணல் மணலான தன்மையை அளவுக்கு மீறித் துடைத்துவிட்டார்கள், முகங்கள் மெழுகு பூசினது போல வழவழவென்று தெரிகின்றன. கிட்டத்தில் காட்டும்போதுதான் உறுத்துகிறது. இன்னொரு குறை பெரியது. பழைய டிவிடி நீட்டித்த பதிப்பில் படத்துக்கு நான்கு டிஸ்க், அதில் இரண்டு முழுக்கவும் நியூசிலாந்தில் இதையெல்லாம் எப்படி எடுத்தார்கள் என்று காட்டுபவை. இந்தப் பெட்டியில் அவை ஒன்றுமே இல்லை. டிவிடி வைத்திருப்பவர்கள் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சரி, நீட்டித்த பதிப்புக்கு வருகிறேன். 1998இல் அங் மோ கியோ நூலகத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்தபோது எனக்கு வயது பதினைந்து. மூன்று பாகமும் ஒன்றாய்க் கட்டிய தடிப் புத்தகம். கெடு தேதிக்குள் முடிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்து மறுபடியும் எடுத்தேன். 2001 டிசம்பரில் முதல் படம் வந்தபோது ஆர்ச்சர்ட் ரோட்டில் தம்பியோடு பார்த்துவிட்டு, எம்ஆர்டி ரயிலில் இருவரும் பேசாமல் வந்தோம். நன்றாக இருந்தது. ஆனால் அவசரமாக இருந்தது. புத்தகத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் ஓடினார்கள்.

இந்தப் பதிப்பு அந்த அவசரத்தைத்தான் சரி செய்கிறது. கூடுதல் சண்டை என்று நினைத்து வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். கூட்டியிருப்பதில் நான் கொண்டாடுவது சின்னச் சின்ன விஷயங்களைத்தான். காட்டுக்குள் எல்ஃப்கள் (மூப்பில்லாத ஓர் இனம்) பாடிக்கொண்டே ஊரை விட்டுப் போவதை மறைவில் நின்று பார்த்துவிட்டு, “எனக்கு என்னவோ வருத்தமாக இருக்கிறது” என்கிற மாதிரி ஃப்ரோடோவின் துணைவன் சாம் சொல்லும் காட்சி. இரவில், பின்னால் அரசனாகப் போகும் அரகோர்ன் தனக்குத்தானே பாடிக்கொள்ளும், லூதியன் என்ற எல்ஃப் பெண்ணைப் பற்றிய பாட்டு. எல்லாவற்றுக்கும் மேலே எல்ஃப் தலைவி கலாட்ரியல் பரிசு கொடுக்கும் இடம். தியேட்டர் பதிப்பில் ஃப்ரோடோவுக்கு மட்டும் விளக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதில் ஒவ்வொருவராக வருகிறார்கள். கிம்லியின் முறை வரும்போது அந்தக் குள்ளன் வெட்கப்பட்டு, போய்விட்டுத் திரும்பி வந்து, தடுமாறி எதையோ கேட்கிறான். என்ன கேட்டான் என்பதைப் படகில் போகும்போதுதான் உடன் வரும் எல்ஃப் லெகோலாஸிடம் சொல்கிறான்: அவள் தலையிலிருந்து ஒரே ஒரு முடி கேட்டேன், மூன்று கொடுத்தாள்.

தம்பி இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னான். மகளுக்கு விளக்க வேண்டுமாம். அதே முடியைப் பல காலம் முன்னால் ஃபெயனோர் என்ற பெரிய எல்ஃப் மூன்று முறை கேட்டும் கலாட்ரியல் கொடுக்கவில்லை என்று டோல்கீனின் பிற எழுத்துகளில் வருகிறது. அவ்வளவு பெரியவனுக்கு மறுத்ததை, எல்ஃப்களோடு பகை கொண்ட குலத்தில் பிறந்த ஒருவனுக்கு, அவன் கேட்ட மரியாதைக்காகக் கொடுக்கிறாள். படம் இதைச் சொல்லவில்லை. ஆனால் லெகோலாஸ் முகத்தில் வரும் அந்தச் சிரிப்பு தெரிந்தவர்களுக்காகவே வைத்தது போல் இருக்கும். மகள் அவனிடம், “இன்னொரு தடவை போடுங்க மாமா” என்றாள்.

இரண்டாம் படத்தில் போரோமிரின் தம்பி ஃபாராமிர். எங்களைப் போன்றவர்களுக்கு இது பழைய காயம். புத்தகத்தில் ஃபாராமிர், அந்த மோதிரம் வழியில் கிடந்தாலும் எடுக்க மாட்டேன் என்பான், சொன்னபடியே ஃப்ரோடோவைப் போகவும் விடுவான். படத்தில் அவனையும் ஆசை பிடித்து, சிறைப்பிடித்தவர்களை ஆஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துக்கொண்டு போகிறான். 2002இல் இதைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் கோபப்பட்டோம்! நீட்டித்த பதிப்பு அந்தக் குற்றத்தைத் துடைத்துவிடவில்லை, ஆனால் ஒரு காரணம் கொடுக்கிறது. முன்பு ஒரு நாள், போரில் மீட்ட ஊரில் அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். அப்பா வருகிறார். பெரியவனைத் தூக்கி வைத்துப் பேசுகிறார், சின்னவனைக் கண்ணெடுத்துப் பார்க்கவில்லை, பார்த்தாலும் குத்திக் காட்டத்தான். அண்ணன் தம்பிக்காகப் பரிந்து பேசுகிறான், கேட்கவில்லை. பிரியும்போது குதிரைமேல் இருந்து, இந்த நாளை நினைவில் வைத்துக்கொள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். அந்தச் சில நிமிடம் இல்லாமல் ஃபாராமிரைப் பார்த்தவர்கள் பாதி ஆளைத்தான் பார்த்திருக்கிறார்கள். போரோமிரும் இங்கேதான் முழுதாகிறான்.

புத்தகத்தில் வரும் டாம் பாம்படில் என்ற விசித்திரமான காட்டுவாசி படத்தில் வரவே இல்லை என்பவர்களுக்கும் கொஞ்சம் ஆறுதல் உண்டு. ஃபாங்கோர்ன் காட்டில் ஃப்ரோடோவின் நண்பர்கள் மெரியையும் பிப்பினையும் ஒரு மரம் வேரால் விழுங்கப் பார்க்கிறது. புத்தகத்தில் பாம்படில் சொல்லி மரத்தை அடக்கும் சொற்களை இங்கே நடமாடும் மர மனிதர் ட்ரீபியர்டு சொல்கிறார். தம்பிக்கு அது போதவில்லை. எனக்குப் போதும்.

கெட்டுப்போன மந்திரவாதி சாருமானின் முடிவைத் தியேட்டர் பதிப்பிலிருந்து தூக்கியதை மட்டும் இன்றைக்கும் என்னால் ஏற்க முடியவில்லை. மூன்றாம் படம் 11 ஆஸ்கர் வாங்கிய அந்த வடிவத்தில், இரண்டு படம் முழுக்க வந்த எதிரி என்ன ஆனான் என்பதே இல்லை. சாருமானாக நடித்த கிறிஸ்டபர் லீ அந்தப் புத்தகத்தை ஆண்டுதோறும் படிப்பவர் என்று பெயர் வாங்கியவர். அவர் காட்சியை வெட்டியதில் அவர் மனம் நொந்தது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. இந்தப் பெட்டியில் அந்தக் காட்சி இருக்கிறது. புத்தகத்தில் சாருமான் சாவது ஃப்ரோடோவின் ஊரான ஷயரில், இங்கே கோபுர உச்சியில். ஆனாலும் கொல்கிறவன் அதே கையாள் வோர்ம்டங்தான்.

கூட்டியதில் ஒன்றே ஒன்றைக் கூட்டாமலே இருந்திருக்கலாம். மோதிரத்தைச் செய்த கொடியவன் சௌரோனின் நாட்டுக் கறுப்பு வாயிலுக்கு முன்னால் அவனுடைய தூதன் வந்து பேசுகிறான். அரகோர்ன் குதிரையை ஓரமாக நடத்திக்கொண்டு போய், ஒரே வீச்சில் அவன் தலையை வெட்டுகிறான். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா சொல்லிவிட்டார்: “தூதனையா? ராஜாவாகப் போறவன் தூதனக் கொல்றதா?” அனுமன் விஷயத்தில் விபீஷணன் ராவணனிடம் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். புத்தகத்தில் அந்தத் தூதன் அரகோர்ன் பார்த்த பார்வைக்கே அஞ்சி, நான் தூதன், என்னைத் தாக்கக் கூடாது என்று கத்துவான். உன்னை யாரும் மிரட்டவில்லையே என்பார் மந்திரவாதி கண்டால்ஃப். உயிரோடுதான் திரும்பிப் போவான். அரகோர்ன் எப்படிப்பட்ட அரசன் என்பதை அந்த ஒரு இடம் சொல்லிவிடும். கணவர், “பேசின பேச்சுக்கு வேணும்” என்றார். அரை மணி நேரம் படத்தை நிறுத்திவிட்டு வாதாடினோம், மாமா கொண்டு வந்த முறுக்கு டப்பா காலியானது.

எந்தப் பதிப்பாலும் ஆற்ற முடியாத ஒன்றும் இருக்கிறது. கிரித் உங்கோல் படிக்கட்டில், தூங்கும் சாமின் சட்டைமேல் வழிகாட்டியாக வரும் கொல்லம் என்ற வஞ்சகன் ரொட்டித் துகளைத் தூவிவிட்டு மிச்சத்தைப் பள்ளத்தில் எறிகிறான். சாம்தான் ரொட்டியைத் தின்றுவிட்டான் என்று நம்பி ஃப்ரோடோ சாமைப் பார்த்து, வீட்டுக்குப் போ என்கிறான். புத்தகத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது, கோபமும் வருகிறது. இந்த முறை மாமா பக்கத்தில் இருந்தார். “விடும்மா” என்று மட்டும் சொன்னார்.

ஒவ்வொரு படமும் முடிந்த பிறகு அதிகாரபூர்வ ரசிகர் மன்றத்தில் சேர்ந்திருந்தவர்களின் பெயர்கள் ஓடுகின்றன. முதல் படத்தில் மட்டும் இருபது நிமிடம் போல. ரசிகர் மன்றத்துக்காரர்கள் பெயரைப் படத்திலேயே போடுவதா என்று மாமாவுக்கு ஆச்சரியம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நம் ஆட்கள் பெயர் ஏதாவது வருகிறதா என்று கடைசி வரை உட்கார்ந்து தேடினார்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்த பெட்டியில் மூன்றாம் படத்தின் டிஸ்க் ஒன்று பிடியிலிருந்து கழன்று உள்ளேயே உரசிக்கொண்டு கிடந்தது. ஆஸ்கிலியாத் சண்டையின் நடுவில் படம் உறைந்து போனது. கடைக்காரர்கள், பெட்டியைத் திறந்துவிட்டீர்களே என்று சொல்லி மாற்றித் தர இரண்டு வாரம் இழுத்தார்கள். திறக்காமல் டிஸ்க் கீறியிருப்பது எப்படித் தெரியும்? ரசீது கையில் இருந்ததால் கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள். நீங்கள் வாங்கினால் அன்றைக்கே திறந்து, ஒன்பது டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரசீதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.