5 மீட்டர் ஸ்டீல் டேப், இரண்டாம் வகுப்பு: வாங்கும்முன் தகட்டைப் படியுங்கள்

ஹார்டுவேர் கடையில் இஞ்ச் டேப் கேட்டால் ரப்பர் பிடியையும் பூட்டுப் பொத்தானையும்தான் காட்டுவார்கள். பார்க்க வேண்டியது தகட்டின் தொடக்கத்தை. அங்கே முட்டை வடிவ வளையத்துக்குள் ரோம எண்ணில் இரண்டு அச்சாகியிருந்தால், அது ஐரோப்பிய விதியின்படி இரண்டாம் வகுப்பு டேப். அனுமதிக்கப்பட்ட பிழை 0.3 மி.மீ., அதோடு மீட்டருக்கு 0.2 மி.மீ. ஐந்து மீட்டரில் மொத்தம் 1.3 மி.மீ. கூடலாம், குறையலாம். முதல் வகுப்பில் இது 0.6, மூன்றாம் வகுப்பில் 2.6. மரவேலைக்கும் கட்டட வேலைக்கும் இரண்டாம் வகுப்பு தாராளம். வகுப்புக் குறியே இல்லாத டேப் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது எவ்வளவு தப்பும் என்று யாரும் பொறுப்பேற்கவில்லை.

நம் ஊரில் விற்கும் டேப்பில் ஒரு விளிம்பில் சென்டிமீட்டர், மறு விளிம்பில் அங்குலம். இரண்டும் தனித்தனி அளவு என்று பலர் நினைக்கிறார்கள். ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. பிரிட்டிஷ் அங்குலம் லண்டனில் இருந்த ஒரு வெண்கலக் கட்டையைச் சார்ந்தது. அமெரிக்க அங்குலமோ 25.4 மி.மீ.க்கு இம்மியளவு அதிகம். 1959 ஜூலை 1 முதல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஓர் அங்குலம் என்றால் மிகச் சரியாக 25.4 மி.மீ. என்று ஒப்புக்கொண்டன. அன்றிலிருந்து அங்குலத்துக்குத் தனி மூலம் கிடையாது. மீட்டர்தான் அதற்கும் தாய்.

இதை வைத்தே கடையில் நின்றபடி டேப்பைச் சோதிக்கலாம். 50 அங்குலக் கோடு 127 செ.மீ. கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். 100 அங்குலம் 254-க்கு நேரே, 150 அங்குலம் 381-க்கு நேரே. தகட்டின் குறுக்கே ஒரு மூலைமட்டத்தை வைத்துப் பாருங்கள். கோடுகள் விலகி நின்றால் இரண்டில் ஒரு அச்சாவது தவறு. எது என்று கண்டுபிடிக்க மெனக்கெடாமல் அடுத்த டேப்பை எடுங்கள். இரண்டும் சேர்ந்தே தவறியிருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது, அதற்குத்தான் வகுப்புக் குறி.

நூல் கணக்கில் வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் 3.175 மி.மீ. பேச்சுவாக்கில் அதை 3 மி.மீ. என்று கொண்டால் ஓர் அங்குலத்துக்கு 1.4 மி.மீ. காணாமல் போகும். 18 மி.மீ. பிளைவுட்டை ‘ஆறு நூல்’ என்று எடுத்து டிராயருக்குக் கணக்குப் போட்டால், ஆறு நூல் உண்மையில் 19.05 மி.மீ. இரு பக்கப் பலகைக்கும் சேர்த்து 2.1 மி.மீ. இடைவெளி விழும். டிராயர் ஆடுவதற்கு டேப் காரணமல்ல. ஒரு வேலையைத் தொடங்கிய விளிம்பிலேயே முடியுங்கள்.

முனையில் உள்ள கொக்கி ஆடுகிறது என்று டேப்பைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும். சுவரில் முட்டும்போது உள்ளே போகும். நகரும் தூரம் கொக்கித் தகட்டின் தடிமன் அளவே, அதனால் இரண்டு வகையிலும் அளவு ஒன்றாக வரும். ரிவெட்டைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டால் இரண்டில் ஒன்று நிரந்தரமாகத் தப்பும். தகட்டைச் சடாரென்று உள்ளே விடுவதும் கெடுதல்: ஒவ்வொரு முறையும் கொக்கி உறையில் மோதி ரிவெட் துளை பெரிதாகும். கொக்கி வளைந்த டேப்பில் 10 செ.மீ. கோட்டைப் பிடித்து அளந்து, வந்ததில் 10 கழித்துக்கொள்ளலாம். கழிக்க மறப்பதுதான் அந்த வழியின் ஆபத்து.

தகட்டின் அகலம் 19 மி.மீ. என்றால் சட்டைப் பையில் அடங்கும். தனியாக அளப்பவர் 25 மி.மீ. வாங்கட்டும், அகலமும் குழிவும் கூடினால் தாங்கல் இல்லாமல் நீட்டியும் மடங்காது. வெறும் பெயின்ட் அடித்ததைவிட நைலான் பூசிய தகட்டில் எழுத்து அதிக நாள் அழியாமல் இருக்கும்.

வெயிலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டேப்பின் அளவு 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. மொட்டை மாடியில் தகடு 50 டிகிரிக்குச் சூடேறினால் 5 மீட்டருக்கு 1.7 மி.மீ. நீளும். இரண்டாம் வகுப்பின் மொத்தச் சலுகையைவிட இது அதிகம். நீண்ட டேப் குறைத்துக் காட்டும். அதை நம்பி வெட்டிய சட்டம் நீளமாக வரும். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலையருகே பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் 100 அடி எஃகுச் சங்கிலியால் நில அளவையின் அடிக்கோட்டை, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோட்டை, அளந்தபோது, சங்கிலியை மரப்பெட்டிக்குள் நிழலில் கிடத்தி, வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டார். நமக்கு அவ்வளவு வேண்டாம், டேப்பை நிழலில் வைத்திருந்து எடுத்தால் போதும்.

சிமென்ட் தண்ணீர் பட்ட தகட்டைத் துடைக்காமல் உள்ளே விடாதீர்கள். உள்ளே போன மணல் ஒவ்வொரு இழுப்பிலும் கோடுகளைத் தேய்க்கும், முதலில் அழிவது அதிகம் பயன்படும் முதல் ஒரு மீட்டர்.