கீறுவதா, விஷமுறிவு மருந்தா?
தருமபுரிப் பக்கம் கடலைக்காட்டில் பாம்பு கடித்தால், கடிவாயைக் கீறி விஷத்தை வெளியேற்றலாம் என்பவர்கள் இன்னும் உண்டு. தயவுசெய்து கீறாதீர்கள். அதற்குள் விஷம் பரவத் தொடங்கியிருக்கும். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாது. கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது. கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வீக்கமே இருக்காது, மூச்சுத் தசைகள்தான் செயலிழக்கும். அங்கே கீறி என்ன பயன்?

விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றும் விஷத்தையே முறிக்கிறது. நல்ல பாம்பையும் சேர்த்து இந்த நான்குக்கும் ஒரே மருந்து; விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் முதலில் 8 முதல் 10 குப்பி ஏற்றுவார்கள். குதிரை ரத்தத்திலிருந்து தயாராவதால் ஒவ்வாமை வரலாம், அதற்கு அட்ரினலின் ஊசி உண்டு.

அறுவை சிகிச்சை பின்னால் அழுகிய சதையை அகற்றத்தான் பெரும்பாலும் தேவைப்படும். கடித்தவுடன் காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.