டார்க்டேபிள் லென்ஸ் கரெக்‌ஷன்: கல்யாண ஆல்பத்தில் எங்கே போடலாம், எங்கே வேண்டாம்

மும்பை மாட்டுங்காவில் கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி என்று படமெடுப்பதுதான் என் பிழைப்பு. சில வருடங்களாக எடிட்டிங் எல்லாம் டார்க்டேபிள் என்ற போட்டோ எடிட்டிங் மென்பொருளில்தான். அதற்குக் காசு கொடுக்க வேண்டாம், அது ஒரு பெரிய காரணம். லென்ஸால் படத்தில் வரும் குறைகளைச் சரிசெய்ய அதில் 'லென்ஸ் கரெக்‌ஷன்' என்று ஒரு மாட்யூல் உண்டு.

எந்த லென்ஸ் என்பதைப் படத்தோடு கேமரா பதிந்துவைக்கும் எக்ஸிஃப் தகவலிலிருந்தே எடுத்து, லென்ஸ்ஃபன் என்ற லென்ஸ் விவரத் தொகுப்பில் உள்ள ப்ரோஃபைலை (அந்த லென்ஸின் குறைகளின் அளவுகளை) அது போட்டுக்கொள்ளும். கேமராவோடு வரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸில் 18-ல், அதாவது மிக அகலமாக, எடுத்தால் ஓரத்து மண்டபத் தூண் வெளியே பிதுங்கும். ஆன் செய்த நொடியில் நேராகிவிடும். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையக் கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்கிறதே, அது லென்ஸ் குறை இல்லை. அதற்கு பர்ஸ்பெக்டிவ் மாட்யூல் தனியாக இருக்கிறது.

குரூப் போட்டோவில்தான் வம்பு. வைட் லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் அகலமாகத்தான் விழுவார்கள். பிதுங்கலை நேராக்கும்போது மூலைகள் வெளியே இழுபடும், அவர்கள் இன்னும் அகலமாவார்கள். "நான் இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று ஒரு மாமி ஆல்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்திலேயே தூண் என்னவோ ஜம்மென்று நேராக நின்றது! அங்கே 'விக்னெட்டிங் மட்டும்' (மூலை இருட்டை மட்டும் சரிசெய்வது) என்ற தேர்வே போதும். இடம் இருந்தால் பின்னால் போய் 35-ல் எடுப்பது அதைவிட நல்லது.

விக்னெட்டிங்கிலும் யோசித்துத்தான் போட வேண்டும். முகூர்த்தத்தில் வெளிச்சம் போதாமல் அப்பர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) முழுக்கத் திறந்து, ஒளியுணர்வையும் கூட்டி ஐஎஸ்ஓ 3200-ல் எடுத்திருப்போம். இருண்ட மூலையை 2 ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சமாக்கினால் அங்கே நாய்ஸ் (புள்ளிகள்) ஐஎஸ்ஓ 12800-ல் எடுத்த மாதிரி பொரிந்துவிடும். தாலி கட்டும் படத்தில் மூலை இருட்டாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பல படங்களை ஒட்டிச் செய்யும் மரைன் டிரைவ் பனோரமா வேறு விஷயம். திருத்தாமல் ஒட்டினால் வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். ஃபில்டர் விளிம்பு மறைத்த கறுப்பு மூலை ப்ரோஃபைலுக்குத் தெரியாது, க்ராப்தான்.

கேமராவே திருத்தித் தந்த ஜேபெக்கில் மறுபடி போட்டால் தூண் உள்பக்கமாக வளையும். அதனால் ரா கோப்புக்கு (கேமரா திருத்தாத மூலக் கோப்புக்கு) மட்டும் தானாக இயங்கும்படி இரண்டு ப்ரீசெட் (முன்கூட்டியே சேமித்த அமைப்பு) வைத்திருக்கிறேன்: ஐஎஸ்ஓ 1600 வரை எல்லாத் திருத்தமும், அதற்கு மேல் டிஸ்டார்ஷன் (பிதுங்கல்) மட்டும். குரூப் போட்டோவை மட்டும் அதற்கு அடையாளம் தெரியாது, நானே ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுகிறேன்.