பெயின்ட் உரியும் பழைய டிரக்குக்கு ஒற்றைப் பூச்சா, இரட்டைப் பூச்சா?

பழைய பிக்கப் டிரக்குகளில், வெயில் நேராக விழும் பானெட்டிலும் கூரையிலும்தான் புற ஊதாக் கதிர்களால் கிளியர் கோட், அதாவது நிறத்தின்மேல் அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சு, முதலில் உரியும். உரியத் தொடங்கியதைப் பாலிஷ் மீட்காது. பழைய விளிம்பின்மேல் புதிய கிளியரை மட்டும் அடித்தால், அந்த விளிம்பு கோடாகத் தெரிவதோடு அங்கிருந்தே மீண்டும் உரியும். ஆகவே, அந்தப் பாகம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்துப் பிரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்த பின்னரே ஒற்றைப் பூச்சா, இரட்டைப் பூச்சா என்ற தேர்வு எழுகிறது.

செலவு: ஒற்றைப் பூச்சில் நிறமும் பளபளப்பும் ஒரே பெயின்டில் அடங்குவதால் பொருளும் நேரமும் குறையும். இரட்டைப் பூச்சில் நிறத்துக்கும் கிளியருக்கும் தனித்தனியே செலவிட வேண்டும்.

ஆயுள்: ஒற்றைப் பூச்சு நாளடைவில் வெளுக்கும், ஆனால் அதில் உரிவதற்குத் தனி கிளியர் படலம் இல்லை, வெளுத்த மேற்பரப்பைக் காம்பவுண்டு என்னும் மெருகுப் பசை கொண்டு தேய்த்தால் பெரும்பாலும் நிறம் திரும்பும். இரட்டைப் பூச்சின் மினுக்கம் நெடுநாள் நிற்கும், கிளியர் கெடாதவரை.

நிறப்பொருத்தம்: மெட்டாலிக் நிறத்துக்கு இரட்டைப் பூச்சே சரி. ஒற்றைப் பூச்சைத் தேய்த்தால் அதன் உலோகத் துகள்களும் கலைந்து திட்டுத்திட்டாகும்.

சுமையேற்றி உழைக்கும் வெள்ளை டிரக்குக்கு ஒற்றைப் பூச்சையே தயங்காமல் பரிந்துரைப்பேன். பக்கத்துக் கதவின் மெட்டாலிக் நிறத்தோடு இணைய வேண்டிய பானெட்டுக்கு இரட்டைப் பூச்சு வேண்டும். இரண்டிலும் சேரும் ஹார்டனரில் (பெயின்டை இறுக்கும் கலவை) நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், வெளிக்காற்று தரும் முகக்கவசமின்றி எவரும் ஸ்பிரே துப்பாக்கியைத் தொடக் கூடாது.