டப்ளின் பெட்டியும் இடையன்குடிப் பயணமும்

டப்ளினிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் வருகிறவர்கள் முதலில் சென்னையா, திருவனந்தபுரமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் நேரடி விமானம் கிடையாது. துபாயிலோ அபுதாபியிலோ தோஹாவிலோ இறங்கி ஏறித்தான் ஆகவேண்டும். பாளையங்கோட்டைக்காரியான எனக்குத் திருவனந்தபுரமே தோது. காலையில் இறங்கிக் கார் பிடித்தால் நாகர்கோவில், காவல்கிணறு வழியாக மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சென்னை வழி என்றால் சுங்கம் தாண்டிய பிறகு மறுபடி ஒரு விமானம் அல்லது ராத்திரி ரயில், பெட்டிகளோடு மறுபடி ஒரு மல்லுக்கட்டு. வரிசையில் நிற்கச் சலிப்பாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களும் விரைவுக் குடியேற்ற வசதிக்கு முன்பே பதிந்துகொள்ளலாம். அது இப்போது திருவனந்தபுரத்திலும் இருக்கிறது.

இனி பெட்டிக்குள் என்ன போடுவது என்ற கதை. அயர்லாந்திலிருந்து என்ன வாங்கி வரலாம் என்று கேட்டால் எல்லோரும் டெம்பிள் பார் பக்கம் இருக்கும் பரிசுப்பொருள் கடைகளைத்தான் கை காட்டுவார்கள். பச்சைத் தொப்பி, சிவப்புத் தாடி வைத்த லெப்ரகான் என்ற ஐரிஷ் கதைக் குள்ளன் பொம்மை, மூவிலைச் சாவிக்கொத்து. பாதிச் சாமானைத் திருப்பிப் பார்த்தால் சீனாவில் செய்தது என்று இருக்கும். அந்த ரகம் நெல்லையப்பர் ஆனித் திருவிழாப் பொருட்காட்சியிலேயே கிடைக்கும், அதற்கு ஐயாயிரம் மைலுக்கு மேல் சுமை எதற்கு?

ஒரு விஷயத்தைப் பலர் தப்பாக நினைத்திருக்கிறார்கள். அயர்லாந்தில் பெரும்பாலான பொருள்களுக்கு 23 சதவீதம் வாட் வரி. விமான நிலையத்தில் அதைத் திரும்ப வாங்கலாம் என்று கடையிலேயே போர்டு வைத்திருப்பார்கள். அந்தச் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவர்களுக்கு மட்டும். டப்ளினில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நமக்கு, கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தாலும், அது கிடையாது. உங்களைப் பார்க்க வந்த அப்பா அம்மா திரும்பிப் போகும்போது அவர்கள் பேரில் வாங்கினதுக்குக் கேட்கலாம்.

அம்மாவுக்குக் கிளாடா மோதிரம். கால்வே ஊரை ஒட்டியிருந்த கிளாடா என்ற மீனவக் குப்பத்தின் பெயரில் வந்த மோதிரம் அது. இரண்டு கைகள் ஒரு இதயத்தைப் பிடித்திருக்கும், மேலே ஒரு கிரீடம். கைகள் நட்புக்கு, இதயம் அன்புக்கு, கிரீடம் விசுவாசத்துக்கு. டப்ளின் கடையில் அந்தப் பெண் இதையெல்லாம் அழகாகச் சொல்லி, பட்டுப் பையில் போட்டுத் தந்தார். வீட்டில் அம்மா அதை எடுத்ததும் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். மோதிரத்தைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் உள்பக்கம் பார்த்தாள். 916 எங்கே என்று தேடுகிறாள். அங்கே இருந்தது 585.

"பதினாலு காரட்டா? ஏட்டி, இத அடகுக்கடைக்காரன் கூடத் தொடமாட்டானே!"

அங்கே தங்க நகை என்றால் 9, 14, 18 காரட்தான் சாதாரணம். 375, 585, 750 என்று முத்திரை குத்தியிருக்கும். டப்ளின் பொற்கொல்லர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்று அன்று முதல் முத்திரை குத்தி வருகிறது என்ற சரித்திரமெல்லாம் 22 காரட் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் செல்லுபடியாகாது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தங்கத்தில் கிளாடா வாங்காதீர்கள். வெள்ளியில் வாங்குங்கள், யாரும் காரட் கேட்கமாட்டார்கள், காசும் மிச்சம். காலேஜில் படிக்கும் அண்ணன் மகளுக்கு வெள்ளியில்தான் வாங்கியிருந்தேன். இதயத்தின் கூர்முனை விரல்நுனியைப் பார்த்திருந்தால் ஆள் தனி, மணிக்கட்டைப் பார்த்திருந்தால் மனசில் யாரோ உண்டு என்று நான் விளக்கப்போக, அண்ணி உடனே மோதிரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டாள்.

அப்பாவுக்கு டொனிகல் ட்வீட் தொப்பி. பல நிற நூல் புள்ளிகள் தெறித்த கம்பளித் துணி, தட்டையான வடிவம், அங்கே கிழவர்கள் மாட்டுச் சந்தைக்குப் போட்டுப் போவது. மார்கழி விடியலில் மங்கி குல்லாவுக்குப் பதில் இதைப் போடுவார் என்று கற்பனை பண்ணியிருந்தேன். தலையில் வைத்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. காது மூடலியே?" மங்கி குல்லாவை அசைக்க முடியவில்லை. ஆனால் சாயங்காலம் டீக்கடைக்குத் தொப்பியோடுதான் போகிறார் என்று தகவல்.

அரன் தீவுக் கம்பளி ஸ்வெட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஊட்டி, கொடைக்கானலில் ஆள் இருந்தால் வாங்குங்கள். பாளையங்கோட்டைக்கு வேண்டாம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு தனிப் பின்னல் உண்டு என்று கடைகளில் சொல்வதும் வியாபாரத்துக்காகக் கட்டிய கதைதான்.

தேயிலை விளையும் நாட்டுக்குத் தேயிலை கொண்டு போவதா என்று கார்க் ஊர் பேரிஸ் டீயை எடுக்கவே யோசித்தேன். கடைசியில் அதுதான் வீட்டில் எல்லாருக்கும் பிடித்தது. பெட்டியைப் படித்துப் பார்த்தால் கென்யா, ருவாண்டா, அசாம் இலைகள். ஐரிஷ்காரர்களும் நம்மைப் போலப் பால் ஊற்றித்தான் குடிப்பார்கள், கடுப்பாகவே குடிப்பார்கள். அம்மா பையைக் கிழித்துத் தூளைக் கொட்டி, பாலோடு கொதிக்கவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டாள். தாங்குகிறது. பிள்ளைகளுக்கு டெய்ட்டோ சிப்ஸ். சீஸ் வெங்காயச் சுவையை 1954 வாக்கில் முதலில் போட்டவர்கள் அவர்கள்தான். எடை இல்லை, ஆனால் இடத்தை அடைக்கும். மார்ஷ்மெல்லோ வைத்த பிஸ்கட் வாங்கினால் பின்னால் படியுங்கள், ஜெலட்டின் இருக்கும். சைவ வீட்டுக்கு ஆகாது.

மாமாவுக்கு விஸ்கி. வரியில்லாமல் ஆளுக்கு 2 லிட்டர் வரை அனுமதி. டப்ளின் விமான நிலையத்தில் வாங்கினால் முத்திரையிட்ட பையில் போட்டுத் தருவார்கள். வளைகுடாவில் மாறும்போது அதைப் பிரித்துவிடாதீர்கள். இறங்கின இடத்துக் கடையிலும் ஒரு பாட்டில் வாங்கினால் அதுவும் அந்த 2 லிட்டரில்தான் சேரும்.

நான் பெரிதாக எதிர்பார்க்காமல் வாங்கியது ஒரு பிரிஜித் சிலுவை. பிப்ரவரி 1 புனித பிரிஜித் திருநாள். 2023 முதல் அயர்லாந்தில் அதற்கு அரசு விடுமுறையும் உண்டு. அந்த நாளையொட்டி நாணலை மடக்கி மடக்கி, நடுவில் சதுரமும் நாலு கையுமாக ஒரு சிலுவை பின்னி, வீட்டுக்குக் காவலாக வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த கிறிஸ்தவ டீச்சர் ஒருத்தருக்காக எடுத்து வைத்திருந்தேன். அத்தை வந்திருந்தாள். அத்தை பத்தமடை, பாய் நெய்கிற ஊர். பெட்டியிலிருந்து அதை எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. ஒரு கையின் நுனியில் கட்டியிருந்த இடத்தை நகத்தால் நெருடினாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது பச்சையா இருக்கும்போதே மடக்கினதுல்லா? காஞ்ச பெறகு இப்படி வளையாது, ஒடிஞ்சிரும். நம்மூர்ல கோரையக் கீறி, காயப்போட்டு, ஆத்துத் தண்ணில ஊறப்போட்டுல்லா நெய்வாங்க."

டப்ளினில் இத்தனை வருஷத்தில் எனக்கு அந்தச் சிலுவையைப் பற்றி யாரும் இவ்வளவு சொன்னதில்லை. சிலுவை டீச்சரிடம் போகவில்லை, அத்தையிடம் தங்கிவிட்டது. டீச்சருக்குக் கானமாரா பச்சைச் சலவைக்கல் ஜெபமாலை இன்னொன்று வைத்திருந்தேன், தப்பித்தேன்.

அப்பா அதுவரை பேசாமல் இருந்துவிட்டு, "அங்கேருந்து இங்க வந்தவங்க யாரும் உண்டுமா?" என்று கேட்டார். ரிட்டயர்டு தமிழாசிரியர். கால்டுவெல் பிறந்ததே அங்கேதான் என்றேன். "ஸ்காட்லாந்துன்னுல்லா படிச்சோம்?" பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், படித்தது கிளாஸ்கோவில். பிறந்தது 1814இல், அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் கிளாடி என்ற இடத்தில். இளவயதில் டப்ளினில் அண்ணன் வீட்டில் தங்கி ஓவியமும் படித்திருக்கிறார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வகுப்பு வகுப்பாகச் சொல்லிக்கொடுத்த அப்பா, அதை எழுதிய கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடிக்குப் போனதே இல்லை. பயணத் திட்டம் அங்கேயே உறுதியாகிவிட்டது.

டவுனில் ஒரு டிராவல்ஸ் ஆபீஸில் விசாரித்தேன். அச்சடித்த அட்டையை நீட்டினார்கள்: திருச்செந்தூர், கன்னியாகுமரி, குற்றாலம். இடையன்குடி, டோனாவூர் என்று சொன்னதும், "அங்க என்ன மேடம் இருக்கு?" என்றார் அங்கே இருந்த பையன். அந்த அட்டைக்கு வெளியே அவர்களால் ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. தெருமுனைக் கார் ஸ்டாண்டில் பேசியதுதான் நல்லதாகப் போயிற்று. கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டிரைவர் பேட்டா தனியா, நாங்குநேரி டோல்கேட் யார் பொறுப்பு, இந்த நான்கையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்களுக்கு வந்த டிரைவர் தம்பி ஏர்வாடிக்காரர், வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

காலையில் முதலில் திருக்குறுங்குடி. அம்மாவின் நிபந்தனை அது, பெருமாளைப் பார்க்காமல் எந்தத் துரையையும் பார்க்கமாட்டாளாம். நடை மத்தியானம் சாத்திவிடும் என்பதால் வரிசையும் இப்படித்தான் அமையவேண்டும். கார்த்திகைக் கைசிக ஏகாதசிக்கு வர முடிந்தால் கைசிக நாடகமும் பார்க்கலாம். எனக்கு விடுமுறை அப்படி வாய்க்கவில்லை.

அங்கிருந்து டோனாவூர் பக்கம்தான். ஏமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தின் வடக்கே மில்லைல் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 1895இல் இந்தியா வந்து, 1901இல் டோனாவூரில் தங்கி, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். 1951இல் இறக்கும் வரை ஒரு தடவை கூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. நாம் ஒரு வருஷம் டிக்கெட் விலை ஏறினால் புலம்புகிறோம். தன் கல்லறைக்கு மேலே கல் எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாராம். பிள்ளைகள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள். அது சுற்றுலாத் தலம் இல்லை, ஆட்கள் வாழ்கிற வளாகம். முன்னாலேயே கேட்டு, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போவதுதான் முறை.

வள்ளியூரில் சாப்பாடு. பிறகு சாலை தெற்கே இறங்க இறங்க மண் சிவக்கிறது. பனைமரம் தவிர வேறு நிழல் கிடையாது. இந்தத் தேரிக்காட்டு ஓரத்தில்தான் கால்டுவெல் 1841இல் வந்து உட்கார்ந்தார். அவர் இருந்த வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக்கி 2011இல் திறந்தது. அப்பா தெருவிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. பக்கத்தில் அவர் கட்டிய தூய திரித்துவ ஆலயம். 1847இல் தொடங்கி 1880இல்தான் முடிந்தது. கூர்வளைவு ஜன்னல்களுக்கு அவரே களிமண்ணில் மாதிரி செய்து கொத்தனார்களுக்குக் காட்டினார் என்று சொல்கிறார்கள். டப்ளினில் ஓவியம் படித்தது அங்கே உதவியிருக்கும். 1891இல் கொடைக்கானலில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து இந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார்கள். அப்பா அங்கே நின்று 1856 என்றார், ஒப்பிலக்கணம் வந்த வருஷம். வேறு எதுவும் பேசவில்லை. மெரினாவில் 1968இல் வைத்த சிலையோடு செல்ஃபி எடுத்தவர்கள் ஒரு தடவை இங்கேயும் வரலாம்.

வெயில் தாழ உவரி. அந்தோணியார் கோயில், சுயம்புலிங்க சுவாமி கோயில், இரண்டுக்கும் முன்னால் ஒரே கடல். வண்டியில் எல்லாரும் ஒருவழியாகச் சமாதானம்.

திரும்பும் பெட்டிக்கு உடன்குடிக் கருப்பட்டி, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், பத்தமடைப் பாய். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் பையில் கொண்டுவரத் தடை என்பதால் நெய் டப்பாவை அம்மாவிடமே விட்டுவிட்டேன். டப்ளினில் கூட வேலை பார்க்கும் பெண்ணுக்குக் கல்யாணம். மணமக்கள் பெயரை நெய்து தரும் பத்தமடை வழக்கம் கைகொடுத்தது. பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள், வந்து இறங்கின அன்றே ஆர்டர் கொடுங்கள். கடைசி வாரத்தில் கொடுத்தால் நல்ல பட்டுப்பாய் கிடைக்காது, நேரம் பிடிக்கிற வேலை. அத்தை நெசவுக்காரர் வீட்டுக்கே கூட்டிப் போனாள்.

அடுத்த தடவைக்கு மோனகன் பகுதிக் கேரிக்மாக்ராஸ் லேஸ் வாங்குவதாக இருக்கிறேன். அங்கே அந்த வேலை தொடங்கியது 1820 வாக்கில். கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி லேஸ் பின்னக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அவர் மகள் எலைசாதான் கால்டுவெல்லைக் கட்டிக்கொண்டு இடையன்குடிக்கு வந்தவர். அத்தையிடம் போனில் சொன்னதும், ஒரு முழம் மட்டும் வாங்கு, பிரித்துப் பார்க்கவேண்டும் என்றாள்.