கடவுச்சொல்லைத் திருப்பிச் சொல்லும் சம்பள மென்பொருள்: வாங்கும் முன் ஓர் எச்சரிக்கை

திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தால் நாங்கள் பட்ட பாட்டை, அதே வகை மென்பொருளை வாங்க நினைக்கும் சிறு முதலாளிகளும் கணக்காளர்களும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் அவர்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. தவிர, இதே குறைபாடு இன்னும் பலர் விற்கும் மென்பொருளிலும் இருக்கக்கூடும்.

எங்கள் தொழிலில் பெரும்பாலும் சனிக்கிழமைதான் சம்பள நாள். பீஸ் ரேட் கணக்கைப் போட்டு, தையல், கட்டிங், செக்கிங் என்று ஒவ்வொருவருக்கும் உரிய தொகையை வங்கிக் கணக்கில் செலுத்தும் வேலையை எளிதாக்கவே இந்த மென்பொருளை வாங்கினோம். ஆகவே தொழிலாளர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அதற்குள் போய்விட்டன. விற்க வந்தவர் "பேங்க் லெவல் செக்யூரிட்டி சார்" என்று உறுதியளித்தார்.

எல்லாருக்கும் ஒரே ஆரம்பக் கடவுச்சொல்லை, அதுவும் எங்கள் கம்பெனி பெயரோடு 123 சேர்த்து, அவர்களே உருவாக்கித் தந்தார்கள். நாங்கள் அன்றே அவற்றை மாற்றிவிட்டோம். சில மாதங்கள் கழித்து எங்கள் சூப்பர்வைசர் ஒருவர் தம் கடவுச்சொல்லை மறந்துபோய், அதற்கான பொத்தானை அழுத்தினார். புதிதாக ஒன்றை அமைத்துக்கொள்ள இணைப்பு வரும் என்று பார்த்தால், அவர் மறந்த அதே கடவுச்சொல், எழுத்துக்கு எழுத்து, மின்னஞ்சலில் வந்து நின்றது.

இது உதவி போலத் தோன்றினாலும் உண்மையில் அபாய அறிகுறி. முறையாக எழுதப்பட்ட மென்பொருள் கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் வெவ்வேறான ஒரு 'சால்ட்' (தற்செயலாக உருவாக்கிய எழுத்துக் கோவை) சேர்த்து, பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகளால் 'ஹாஷ்' எனப்படும், மூலச்சொல்லைத் திரும்பப் பெற முடியாத குறியீடாக மாற்றியே வைக்கும். அப்படி வைத்திருந்தால், விற்றவரே நினைத்தாலும் உங்கள் கடவுச்சொல்லை உங்களுக்குச் சொல்ல முடியாது. 2009இல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்தில் அப்படியே சேமிக்கப்பட்டிருந்த 3.2 கோடிக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடுபோயின. அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிறர் கணக்குகளைத் திறக்க முயல்வது இன்றும் நடக்கிறது. இதையெல்லாம் விளக்கி அந்த வாரமே எழுதினேன். "எங்க சர்வர் சேஃப்பாதான் சார் இருக்கு" என்பதே பதிலாக வந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை, பவர் டேபிளில் தைக்கும் இரண்டு பெண்கள் சம்பளம் வரவில்லை என்று அலுவலகத்துக்கு வந்தார்கள். திரையிலோ பணம் சென்றுவிட்டதாகக் காட்டியது. ஒருவர் கையோடு கொண்டுவந்திருந்த பாஸ்புக்கை மேசைமேல் விரித்து, மென்பொருளில் இருந்த எண்ணோடு ஒப்பிட்டபோது, வங்கிக் கிளையின் குறியீடு உட்பட எதுவுமே பொருந்தவில்லை. இருவருக்கும் உரியதை அன்று மாலையே ரொக்கமாகக் கொடுத்தோம். கணக்கு எண்ணை மாற்றியது யார் என்று பதிவேட்டைப் பார்த்தால், 'அட்மின்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தது.

அந்த அட்மின் எங்கள் ஆள் அல்ல. விற்ற நிறுவனத்தின் உதவிப் பிரிவில் உள்ள அனைவரும், எல்லா வாடிக்கையாளர்களின் கணக்கிலும் நுழைவதற்குப் பொதுவாகப் பயன்படுத்தும் பயனர் பெயர் அது. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் அதன் கடவுச்சொல் தெரியும் என்பதை, துருவிக் கேட்டபோது அங்கிருந்த ஒருவரே ஒப்புக்கொண்டார். எந்தக் கணினியிலிருந்து நுழைந்தார்கள் என்ற விவரத்தைச் சேமிப்பதே இல்லையாம். இவ்வளவுக்கும் பிறகு, எங்கள் ஊழியர் யாரோ கடவுச்சொல்லைப் பகிர்ந்திருக்க வேண்டும் என்று எழுத்திலேயே பழி போட்டார்கள். யாருடைய நுழைவு என்று பிரித்துக் காட்ட முடியாதபடி அமைத்தவர்களே அடுத்தவர்மீது குற்றம் சாட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, இத்தகைய அத்துமீறிய நுழைவு தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். நுழைவுப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும் வேண்டும். இரண்டையும் குறிப்பிட்டுக் கேட்டதற்கு இன்றுவரை நேரடியான பதில் இல்லை. 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணிலும் தேசிய சைபர் குற்றத் தளத்திலும் நாங்களே புகார் அளித்தோம். பணம் போனது தெரிந்த உடனேயே அந்த எண்ணை அழைப்பது நல்லது. தாமதித்தால் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிடும்.

அவர்கள் செய்த பரிகாரம்தான் வேடிக்கை. 30 நாளுக்கு ஒருமுறை எல்லாரும் கடவுச்சொல்லை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். ஓடிபி வசதி வேண்டுமென்றால் ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் கேட்டார்கள். கசிந்ததற்கான அடையாளம் இல்லாதபோது இப்படி மாற்றச் சொல்லக் கூடாது என்று அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே அறிவுறுத்தியது. அந்நிறுவனத்துக்காக 2003இல் பழைய விதிகளை எழுதிய பில் பர் என்பவரே பின்னாளில் அதற்காக வருந்தினார். மாதம்தோறும் மாற்றச் சொன்னால் மாதப் பெயரைக் கடைசியில் ஒட்டுவதுதான் நடக்கும். எங்கள் செக்கிங் பிரிவிலும் அதுவே நடந்தது.

வாங்கும் முன் டெமோவிலேயே கடவுச்சொல் மறந்ததற்கான பொத்தானை அழுத்திப் பாருங்கள். பழைய கடவுச்சொல் திரும்பி வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். உதவிப் பிரிவினர் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் உண்டா, கணக்கு எண் மாறினால் உங்களுக்குக் குறுஞ்செய்தி வருமா, ஓடிபி விலைக்குள் அடங்குமா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்: விலகும்போது தொழிலாளர்களின் விவரங்களை அழித்துவிட்டு, அதற்கு எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். நாங்கள் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டோம். ஆனால் எங்கள் ஆட்களின் ஆதார் எண்கள் அவர்களுடைய சர்வரில் இன்னும் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு அவர்கள் பதில் எழுத மறுக்கிறார்கள்.